கோச்சின் பட்டியலில் எத்தனையாவது பெயர்?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்கு ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழக நீச்சல் அணியிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. மேலே அணியின் சின்னம். உள்ளே கோடை முகாமுக்கு அழைப்பு, கூடவே நிரப்பி அனுப்ப ஒரு கேள்விப் படிவம். அன்றிரவு வீட்டில் பாயசம்.

பாயசம் வைக்கட்டும். ஆனால் அந்த அஞ்சலின் எடை தெரிந்து வைக்கலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ விதிப்படி, ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு டிவிஷன் 1 (மூன்று பிரிவுகளில் முதலாவது) கோச் ஒருவர் அனுப்பக்கூடியவை முகாம் அழைப்பும் கேள்விப் படிவமும் போன்ற பொதுவான தாள்கள் மட்டுமே. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அனுப்புகிறார்கள். முகாம் கட்டணம் பல அணிகளில் உதவி கோச்சுகளின் வருமானத்தில் ஒரு பங்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கோச்சிடமும் ஒவ்வொரு பட்டமளிப்பு ஆண்டுக்கும், அதாவது பள்ளி முடிக்கும் ஆண்டுக்கும், ஒரு பட்டியல் இருக்கும். 2028-க்கு மூன்று பேர் தேவை என்றால் பட்டியலில் முப்பது பேர் இருப்பார்கள். முப்பது பேரிடமும் அவர் இனிமையாகத்தான் பேசுவார். முதல் ஆள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் பதினோராவது ஆள் வேண்டுமே! ஆகவே அவர் சொல்வதைவிட, உங்களுக்காக எதைச் செலவழிக்கிறார் என்று பாருங்கள்: நேரமா, விமான டிக்கெட்டா, அட்மிஷன் அலுவலகத்தில் அவருக்கு இருக்கும் செல்வாக்கா? ரெக்ரூட்டிங் என்று நான்கு வருடம் நடப்பதெல்லாம் பட்டியலில் நம் பெயர் எத்தனையாவது என்று கண்டுபிடிக்கும் வேலைதான்.

பணம் எங்கே இருக்கிறது

டிவிஷன் 1-இல் 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், டிவிஷன் 2-இல் சுமார் 300, டிவிஷன் 3-இல் 400-க்கும் மேல். இவற்றுக்கு வெளியே என்ஏஐஏ என்ற தனி அமைப்பும், இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கான என்ஜேசிஏஏவும் உண்டு. டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஹார்வர்ட், யேல் முதலிய எட்டு ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1-இல் ஆடினாலும் அங்கேயும் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகை மட்டும்தான்.

முன்பு டிவிஷன் 1-இல் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு இருந்தது. ஆண்கள் டென்னிஸுக்கு 4.5, பெண்கள் டென்னிஸுக்கு 8, பேஸ்பாலுக்கு 11.7 என்று கணக்கு. நாலரை ஸ்காலர்ஷிப்பை எட்டுப் பேருக்குப் பங்கு போடுவார்கள். 2025 ஜூனில், வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தபின், அதில் சேர்ந்த கல்லூரிகளில் இந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது: டென்னிஸில் 10, பேஸ்பாலில் 34. 34 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம் என்பதை, தருவார்கள் என்று பல பெற்றோர் படித்துக்கொள்கிறார்கள். பணம் அதே பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். வீரர்களுக்கு நேரடியாக வருமானப் பங்கு தர 2025-26இல் ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை அனுமதி. அதில் பெரும்பங்கு அமெரிக்க ஃபுட்பாலுக்கும் பாஸ்கட்பாலுக்கும் போகிறது. மற்ற விளையாட்டுகளின் கோச்சுகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அணியின் அளவு சுருங்கியதில் முதலில் அடிபட்டவர்கள் ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் ஒட்டிக்கொண்டு வளரும் வாக்-ஆன் ஆட்டக்காரர்கள். இரண்டாவது அடி, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்து வருகிறது. வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிப் பழகிய 20 வயது ஆள் கிடைக்கும்போது 17 வயது பையனை எடுத்து வளர்ப்பானேன் என்று கோச் கணக்குப் போடுகிறார். ஒரு கல்லூரியைக் குறிவைக்கும்முன் அதன் அணிப் பக்கத்தைத் திறந்து, கடைசி இரண்டு வருடங்களில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நேரே பள்ளியிலிருந்து வந்தார்கள் என்று எண்ணுங்கள். பத்து நிமிட வேலை. முகாம் கட்டணம் மிச்சம்.

உங்கள் அளவு எது

நீச்சலிலும் தடகளத்திலும் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். நேரம் பொய் சொல்லாது. அந்தக் கல்லூரி எந்த கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழு) ஆடுகிறதோ, அதன் கடைசி சாம்பியன்ஷிப் முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தடகளத்தில் பொதுவாக முதல் எட்டு இடங்களுக்குப் புள்ளி: 10, 8, 6, 5, 4, 3, 2, 1. நீச்சலில் 16 அல்லது 24 இடம் வரை புள்ளி உண்டு. உங்கள் இன்றைய நேரம் அந்தக் கடைசிப் புள்ளி இடத்தைத் தொட்டால் கோச் உங்களைத் தேடி வருவார். அதற்குச் சற்றுக் கீழே இருந்து, நேரம் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தால் பேசுவார். வெகு தூரம் கீழே என்றால் அது உங்களுக்கான கல்லூரி இல்லை. எத்தனை அஞ்சல் போட்டாலும் மாறாது.

ஒரு எச்சரிக்கை: அமெரிக்கக் கல்லூரி நீச்சல் 25 கெஜக் குளத்தில் நடக்கிறது. 50 மீட்டர் குளத்து நேரத்தை அப்படியே ஒப்பிடக்கூடாது. 100 கெஜம் என்பது 91.44 மீட்டர்தான், அதோடு திருப்பங்களும் அதிகம். மாற்றக் கணிப்பான்கள் இணையத்தில் உண்டு, ஆனால் தண்ணீருக்கடியில் பலமாக உதைப்பவருக்கும் உதைக்காதவருக்கும் அவை ஒரே எண்ணைத் தரும். அசல் நேரத்தை முதலில் எழுதி, மாற்றிய நேரத்தை மாற்றியது என்று சொல்லியே எழுதுங்கள். மாற்றிய எண்ணை அசல் போல எழுதினால் கோச் ஒரே தேடலில் கண்டுபிடித்துவிடுவார். அத்தோடு அந்தக் கதவு மூடியது.

டென்னிஸில் யுடிஆர் என்ற மதிப்பெண்தான் பொதுமொழி, 1-இலிருந்து 16.5 வரை. கல்லூரி ஆட்டத்தில் ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர். இரட்டையர் மூன்றும் சேர்ந்து ஒரே புள்ளி. மொத்தம் ஏழில் நான்கு எடுத்தால் வெற்றி. அணியின் முதல் ஆளோடு உங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது வீண். ஐந்தாம், ஆறாம் இடத்தில் ஆடுபவரின் யுடிஆர்தான் உங்கள் இலக்கு. அதையும் தாண்டி, உங்கள் வருடத்தில் யார் படிப்பை முடித்து வெளியேறுகிறார்கள் என்று பாருங்கள். எட்டுப் பேர் அணியில் ஒருவர்தான் வெளியேறுகிறார் என்றால் இடமும் ஒன்றுதான்.

கால்பந்து, வாலிபால், பேஸ்பால் போன்றவற்றில் எண்கள் இவ்வளவு கைகொடுக்காது. அங்கே வீடியோதான் பேசும்.

பதினாறு பாடங்கள்

மைதானத்தில் தோற்பதைவிட மதிப்பெண் பட்டியலில் தோற்பது வேதனை, ஏனென்றால் அது ஒன்பதாம் வகுப்பிலேயே தடுத்திருக்கக்கூடியது. டிவிஷன் 1-இல் முதல் வருடமே ஆட 16 கோர் பாடங்கள் வேண்டும்: ஆங்கிலம் நான்கு வருடம், அல்ஜீப்ரா 1 அல்லது அதற்கு மேல் கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, இம்மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக ஒன்று, சமூக அறிவியல் இரண்டு, மேற்கண்டவற்றிலிருந்தோ அயல்மொழி போன்றவற்றிலிருந்தோ இன்னும் நான்கு. அவற்றில் மட்டும் ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், குறைந்தது 2.3. டிவிஷன் 2-க்கும் 16தான், பிரிப்பு வேறு, ஜிபிஏ 2.2. எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத்தேர்வு நிபந்தனையை என்சிஏஏ 2023-இல் எடுத்துவிட்டது. ஆனால் கல்லூரி தன் பங்குக்குக் கேட்கலாம். பெரிய கல்லூரிகள் பல மறுபடி கேட்கின்றன.

இங்கே கால் தடுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, பள்ளி காட்டும் ஜிபிஏ வேறு, கோர் ஜிபிஏ வேறு. உடற்கல்வியிலும் ஓவியத்திலும் வாங்கிய ஏ கிரேடுகளை உருவிவிட்டால் 3.2 என்பது 2.4 ஆகலாம். இரண்டாவது, டிவிஷன் 1-இல் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்முன் 16-இல் 10 முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அந்த மதிப்பெண்கள் அங்கேயே உறைந்துவிடும். பன்னிரண்டில் திரும்ப எழுதி ஏற்றிக்கொள்ள முடியாது. மூன்றாவது, சொந்த வேகத்தில் முடிக்கும் ஆன்லைன் பாடங்கள். ஆசிரியருடன் தொடர்ந்த உரையாடல் இல்லாத பாடத்தை என்சிஏஏ ஏற்பதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் அங்கீகரிக்கப்பட்ட பாடங்களின் பட்டியல், மாணவரின் தகுதியைச் சரிபார்க்கும் என்சிஏஏ பிரிவான எலிஜிபிலிட்டி சென்டரின் தளத்தில் இருக்கிறது. பள்ளியின் பாட ஆலோசகரான கவுன்சிலரை மட்டும் நம்பாமல், பாடத் தலைப்பு எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

அதே தளத்தில் முதலில் இலவசமாக ஒரு ப்ரொஃபைல் திறக்கலாம். கட்டணம் கட்டும் கணக்கை டிவிஷன் 1, 2 கோச்சுகளுடன் பேச்சு சூடு பிடிக்கும்போது, பதினோராம் வகுப்பில் திறந்தால் போதும்.

அஞ்சல்

மாணவர் எழுத வேண்டும். அம்மாவோ அப்பாவோ மாணவரின் பெயரில் எழுதியதை எந்தக் கோச்சும் இரண்டாவது வரியில் கண்டுபிடித்துவிடுவார்; எடுக்கப்போவது பையனையா பெற்றோரையா என்ற கேள்வி அங்கேயே முளைத்துவிடும். தலைப்பு வரியிலேயே சரக்கு இருக்கட்டும்: பெயர், பட்டமளிப்பு ஆண்டு, போட்டி, நேரம், ஜிபிஏ. "2028, 200 கெஜம் பட்டர்ஃபிளை, 1:49.8, ஜிபிஏ 3.7" என்பது போல. உள்ளே ஐந்தாறு வரிகள். ஏன் இந்தக் கல்லூரி என்பதற்கு அந்த அணியைப் பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய ஒரு வரி, அடுத்து வரும் போட்டிகளின் தேதி, வீடியோ இணைப்பு, கிளப் கோச்சின் தொலைபேசி எண். தலைமைக் கோச்சுக்கு மட்டும் எழுதாமல், ரெக்ரூட்டிங்கைக் கவனிக்கும் உதவி கோச்சையும் சேர்த்து எழுதுங்கள். முதலில் திறந்து படிப்பவர் பெரும்பாலும் அவர்தான். முப்பது, நாற்பது கல்லூரிகளுக்கு எழுதுவது வழக்கம். வெட்டி ஒட்டும்போது ஒரு கல்லூரியின் பெயர் இன்னொன்றின் அஞ்சலில் தங்கிவிடுவதும் வழக்கமாகத்தான் இருக்கிறது.

வீடியோ மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். முதல் அரை நிமிடத்தில் பிடிக்காவிட்டால் மீதியைப் பார்க்க மாட்டார்கள். பாட்டு, புகை, மின்னல் எதுவும் வேண்டாம். அணி விளையாட்டில் யார் நீங்கள் என்று ஒரு வட்டமோ அம்போ காட்டட்டும். டென்னிஸில் வென்ற புள்ளிகளை மட்டும் கோத்த வீடியோவை யாரும் மதிப்பதில்லை. கோர்ட்டின் பின்புறம், உயரத்தில் கேமராவை நிறுத்தி, வெட்டாமல் ஒரு செட் முழுவதும் கொடுங்கள். தோற்ற புள்ளிக்குப் பின் என்ன செய்கிறீர்கள் என்பதையும் அவர் பார்க்க வேண்டும்.

பதில் வராவிட்டால் மனம் உடைய வேண்டாம். பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடியும்வரை டிவிஷன் 1 கோச் சொந்தமாகப் பதில் எழுதவே கூடாது. புதிய முடிவு கிடைக்கும்போது, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, மறுபடி எழுதுங்கள்.

ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு இதையெல்லாம் செய்து தருவதாகச் சொல்லும் ரெக்ரூட்டிங் சேவைகள் உண்டு. வாங்கித் தரும் ஸ்காலர்ஷிப்பில் இத்தனை சதவீதம் என்று யாராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். என்சிஏஏ விதி அதை அனுமதிப்பதில்லை, மாணவரின் தகுதிக்கே ஆபத்து.

ஜூன் 15-க்குப் பிறகு

பெரும்பாலான டிவிஷன் 1 விளையாட்டுகளிலும் டிவிஷன் 2-இலும், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-லிருந்து கோச் அழைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். டிவிஷன் 1-இல் கல்லூரிக்கு நேரில் போய்ப் பார்க்கும் விசிட் அந்த ஆகஸ்ட் 1-லிருந்து. சாஃப்ட்பாலுக்கும் லக்ராஸுக்கும் தொடர்பே பதினோராம் வகுப்பு செப்டம்பர் 1-இல்தான் தொடங்கும். ஆண்கள் ஐஸ் ஹாக்கிக்குப் பத்தாம் வகுப்பு ஜனவரி 1. டிவிஷன் 3 கோச் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம்.

ஜூன் 15 காலை போன் வந்தால் பட்டியலின் உச்சியில் இருக்கிறீர்கள். வரவில்லை என்றால் உலகம் முடிந்துவிடவில்லை, நீங்கள் அழையுங்கள். பேச்சு நல்லபடி போகும்போது கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள். "2028-க்கு எத்தனை பேரை எடுக்கிறீர்கள்? என் இடத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்? அதில் நான் எத்தனையாவது? எப்போது முடிவெடுப்பீர்கள்?" பிள்ளைகள் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். கோச்சுகளுக்கு இது தினசரிக் கேள்வி. மழுப்பலான பதிலும் பதில்தான்.

விசிட் இரண்டு வகை. அன்-அஃபிஷியல் என்றால் செலவு உங்களுடையது. அஃபிஷியல் என்றால் பயணம், தங்குமிடம், சாப்பாடு கல்லூரியுடையது. அஃபிஷியல் அழைப்பு கோச்சின் பட்ஜெட்டிலிருந்து போவதால் அது நிஜமான அடையாளம். அதற்கு முன் எலிஜிபிலிட்டி சென்டரில் பதிவு செய்திருக்க வேண்டும், கல்லூரி தன் கோரிக்கைப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். ஐஆர்எல் என்பார்கள். "என்னை ஐஆர்எல்-இல் போட்டுவிட்டீர்களா?" என்ற சின்னக் கேள்விக்கு வரும் பதில், அரைமணி நேர இனிய பேச்சைவிட அதிகம் சொல்லும். அங்கே போனால் கோச் இல்லாத நேரத்தில் மூன்றாம், நான்காம் வருட ஆட்டக்காரர்களிடம் பேசுங்கள்: போன வருடம் எத்தனை பேர் அணியை விட்டுப் போனார்கள், காயம்பட்டவரை எப்படி நடத்தினார்கள், பொறியியல் படிப்பவர் லேப் வகுப்பைத் தவறவிட வேண்டியிருக்கிறதா?

வாய்ச்சொல்லும் கையெழுத்தும்

வாய்மொழி ஆஃபரும் வாய்மொழி ஒப்புதலும் இருபக்கமும் கட்டுப்படுத்தாதவை. இணையத்தில் "கமிட்டட்" என்று, அதாவது சேர்வது உறுதி என்று, படம் போட்ட பிறகும் கோச் பின்வாங்கலாம், கோச்சே வேறு கல்லூரிக்குப் போகலாம். எழுத்தில் ஆஃபர் தர பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை காத்திருக்க வேண்டும். முன்பிருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற ஒப்புதல் கடிதம் 2024 அக்டோபரில் ஒழிந்தது. இப்போது கையெழுத்திடுவது நேரடியாக நிதியுதவி ஒப்பந்தத்தில்.

அதில் "40 சதவீதம்" என்று இருந்தால், எதில் 40 என்று கேளுங்கள். டியூஷன் எனப்படும் படிப்புக் கட்டணத்திலா, தங்குமிடம், சாப்பாடு சேர்ந்த மொத்தச் செலவிலா? மாநிலத்துக்குள்ளிருந்து வருபவர் கட்டணத்திலா, வெளியாள் கட்டணத்திலா? படிப்புக்கான ஸ்காலர்ஷிப்பும் சேர்த்துக் கிடைக்குமா, அல்லது ஒன்று வந்தால் மற்றது குறையுமா? ஒரு வருடத்துக்கா நான்கு வருடத்துக்கா? ஒரு வருட ஒப்பந்தம் என்றால் புதுப்பிப்பது பற்றி ஜூலை 1-க்குள் கல்லூரி சொல்ல வேண்டும். குறைத்தால் முறையிட வழி உண்டு. ஐந்து கல்லூரிகளின் சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். கடைசியில் உங்கள் கையிலிருந்து போகும் டாலரை ஒப்பிடுங்கள். 25 சதவீதம் தரும் அரசுப் பல்கலைக்கழகம் 60 சதவீதம் தரும் தனியாரைவிட மலிவாக இருப்பது சர்வசாதாரணம்.

ஐவியிலும், வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் போன்ற டிவிஷன் 3 கல்லூரிகளிலும் ஆட்டம் வேறு. அங்கே கோச்சிடம் இருக்கும் ரூபாய் நோட்டு அட்மிஷன் அலுவலகத்தில் அவருக்குள்ள சொல்தான். பதினோராம் வகுப்பு முடிந்த ஜூலையில் டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளி மதிப்பெண் பட்டியல்), தேர்வு மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்புப் பாடப் பட்டியல் ஆகியவற்றை வாங்கி அட்மிஷனுக்கு அனுப்பி முன்கூட்டியே ஒரு கருத்துக் கேட்பார். ப்ரீ-ரீட் என்று பெயர். அது பச்சை என்றால் அடுத்த கேள்வி: "உங்கள் முழு ஆதரவு எனக்கா?" நல்ல ப்ரீ-ரீட் கிடைத்தும் ஆதரவு வேறொருவருக்குப் போவது நடக்கும். இதைத் தெளிவுபடுத்தாமல், இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டிய எர்லி டிசிஷன் விண்ணப்பத்தை அந்தக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் உண்டு.

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும்

பாதை புதிதல்ல. சென்னையில் வளர்ந்து ஆடிய சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரு வருடமும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றார். ஸ்குவாஷில் வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆடினார். மதுரையின் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் முதலில் என்ஏஐஏ கல்லூரியான ஜார்ஜியா க்வின்னெட்டில் ஆடி, பிறகு வேக் ஃபாரஸ்ட்டுக்கு மாறினார். 2025-இல் அந்த அணி என்சிஏஏ பட்டம் வென்றது. என்ஏஐஏ என்றால் முகம் சுளிப்பவர்கள் அந்த வரிசையைக் கவனிக்கலாம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் காலக்கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு "ஒரு வருடம் ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டிகள் ஆடிப் பார்க்கலாம்" என்பது டென்னிஸில் விலை உயர்ந்த முடிவு. டிவிஷன் 1-இல் பள்ளி முடிந்து ஆறு மாதம்தான் சலுகை. அதன் பிறகும் சேராமல் போட்டி ஆடினால் கல்லூரி ஆட்ட வருடங்கள் கழியும். மற்றப் பல விளையாட்டுகளுக்கு ஒரு வருடம். பள்ளி முடிய வேண்டிய தேதியும் ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதிலிருந்தே எண்ணப்படுவதால், இடையில் ஒரு வருடம் நின்றவர் தன் கணக்கை முன்பே எலிஜிபிலிட்டி சென்டரிடம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 9 முதல் 12 வரை ஒவ்வொரு வருட மதிப்பெண் பட்டியலையும், இரண்டு பொதுத்தேர்வுச் சான்றிதழ்களையும் பத்திரப்படுத்துங்கள். அகாடமிக்காகப் பள்ளி மாறியவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புத் தாள்தான் கடைசியில் கிடைக்காமல் போகும்.

ஸ்காலர்ஷிப் போக மீதிச் செலவுக்கு வங்கியில் பணம் இருப்பதைக் காட்டினால்தான் ஐ-20 படிவம் வரும். அது இல்லாமல் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு நேர்காணல் இல்லை. உள்ளூர் மாணவர்கள் விளம்பரத்தில் சம்பாதிப்பதைப் பார்த்து எஃப்-1 மாணவரும் இறங்கினால் விசாவுக்கே ஆபத்து, ஏனென்றால் அமெரிக்க மண்ணில் அது வேலையாக எண்ணப்படலாம். கையெழுத்திடும்முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். ஐவி போன்ற இடங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத், ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரையும் பணம் இருக்கிறதா என்று பாராமல் சேர்த்துக்கொண்டு, தேவைக்கேற்ற உதவியும் தருகின்றன.

எல்லாம் முடிந்து, படம் போட்டு, கேக் வெட்டிய பிறகும் இரண்டு வேலை பாக்கி. பன்னிரண்டாம் வகுப்பு ஏப்ரல் 1-க்குப் பிறகு எலிஜிபிலிட்டி சென்டர் கணக்கில் நுழைந்து, அமெச்சூர் (தொழில்முறை அல்லாத ஆட்டக்காரர்) தகுதிக்கான இறுதிச் சான்றைக் கேட்டு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பள்ளி முடித்த தேதி போட்ட கடைசி டிரான்ஸ்கிரிப்ட்டைப் பள்ளியே அனுப்ப வேண்டும். பள்ளி அலுவலகம் கோடை விடுமுறைக்குப் பூட்டிக்கொண்டு போகும்முன் இதை வாங்கிவிடுங்கள். ஆகஸ்டில் அணியோடு இறங்க வேண்டியவர் ஒரு தாளுக்காக ஓரமாக உட்கார்ந்து, ஊரில் அப்பா பள்ளி வாட்ச்மேனிடம் கிளார்க்கின் போன் நம்பர் கேட்டுக்கொண்டிருப்பார்.